சுவருக்குள் இருக்கும் நாலு அங்குலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கட்டடங்களின் மரவேலை பற்றித் தாங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நகரின் பழைய பகுதியில் உள்ள எங்கள் குடும்ப வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். வயது நூற்றைம்பதுக்குக் குறையாது. ஐந்தரை மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், மூன்று தளம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு பொதுச்சுவர். செங்கல் சுவரும் மர விட்டங்களும் பலகைத் தளமும். பின்பக்கம் இரண்டு தளம், மேலே ஒரு தளம் என்று சிஎல்டி (மரப்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய கனமான) பலகத்தில் சேர்க்கும் வரைபடம் தயாராகிவிட்டது. பலகத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

என் கேள்வி இது. புதிய பகுதி பழையதைப் போலவே தெரிய வேண்டுமா, இந்தக் காலத்தது என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டுமா? வீட்டில் இதில் இரண்டு கட்சி. ஒப்பந்தக்காரரோ, சுவருக்குள் போகும் விட்ட முனைகள் பல இற்றுவிட்டன, மரம் என்றாலே இப்படித்தான், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கான்கிரீட் தளம் போடலாம் என்கிறார். ஓதம் வராமலிருக்கப் பத்து ஆண்டுக்கு முன்பே உள்ளும் வெளியும் சிமெண்ட் பூசிவிட்டோம், அதனால் சுவர் பற்றிக் கவலையில்லை. தீ, சத்தம் பற்றியும் சொன்னால் நல்லது. ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைக் கேள்வியாகக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். “உள்ளும் வெளியும் சிமெண்ட் பூசிவிட்டோம், அதனால் கவலையில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. சில வாரங்களாக இதைப் பற்றித்தான் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

கேட்டதற்கு முதலில் சுருக்கமாகப் பதில். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் ஒன்பதாவது பிரிவு, தவிர்க்க முடியாமல் சேர்க்கும் வேலை தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. பன்னிரண்டாவது பிரிவு, இழந்ததற்கு மாற்றாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு பிரிவு கிடைத்துவிட்டது, சண்டையை நிறுத்துங்கள். தள மட்டம், ஜன்னல் உயரம், சுவர் வரிசை ஆகியவற்றில் பழையதைப் பின்பற்றுங்கள். மரத்துக்குச் செங்கல் வேஷம் போடாதீர்கள். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சுவருக்கு வருகிறேன். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் செங்கல் கட்டுவதற்குச் சுண்ணாம்புதான். உங்கள் சுவரும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாகத்தான் இருக்கும். அந்தச் சுவர் நனையாமல் நின்றதில்லை. மழையில் நனையும், மண்ணிலிருந்து ஈரம் உறிஞ்சும், செங்கல்லுக்கு இடையிலுள்ள கட்டுகளின் சாந்து வழியாக அதை வெளியே விட்டு உலரும். செங்கல்லைவிடச் சாந்து மென்மையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. தேய வேண்டியது சாந்து. சில பத்தாண்டுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாக அடைத்தால் செங்கல் அப்படியே இருக்கும்.

அதன் மேல் சிமெண்ட் பூசினால் கணக்கு தலைகீழாகிறது. சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை எளிதில் விடாது. இறுகும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், வந்த வழியே போக முடியாது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் திரண்டு செங்கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளும். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். கெட்டியாகக் கேட்கும் சத்தம் சில இடத்தில் மாறிப் பொள்ளலாகக் கேட்கும். அங்கெல்லாம் பூச்சு விட்டுப் போயிருக்கிறது, பின்னால் ஈரமும் உப்பும் இருக்கும். ஓதம் வராமலிருக்கப் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். ஓதத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

பூட்டிய ஈரம் போக ஒரு வழி பாக்கி இருக்கிறது. அது விட்ட முனை. ஒவ்வொரு விட்டமும் சுவருக்குள் ஏறத்தாழ 100 மி.மீ., அதாவது நாலு அங்குலம், போய் உட்கார்ந்திருக்கும். மரம் குழல்களைக் கட்டி வைத்த கட்டு மாதிரி. பக்கவாட்டில் தண்ணீர் குடிப்பதைவிட வெட்டிய முனை வழியாகப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். நிரந்தரமாக ஈரமான சுவரில் செருகிய முனை 28, 30 சதவீதத்தை எளிதாக எட்டும். மரம் என்றாலே இப்படித்தான் என்கிற உங்கள் ஒப்பந்தக்காரரை அதே விட்டத்தின் நடுவில் ஒரு ஆணி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே மரம், அதே வயது. நடுவில் ஆணி வளைகிறது, முனையில் விரல் இறங்குகிறது என்றால் குற்றவாளி மரமா?

கான்கிரீட் தளம் என்ற யோசனையை இந்த ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறேன். 125 மி.மீ. தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. பலகையோடு சேர்ந்த மரத்தளம் 50, 60 கிலோ. உங்கள் 55 சதுர மீட்டருக்குத் தளம் ஒன்றுக்கு மூன்று டன் இருந்த இடத்தில் பதினாறரை டன். அதைத் தாங்கப் பொதுச்சுவரில் நீளமாகக் காடி, அதாவது பள்ளம், வெட்டுவார்கள். அதே சுவரின் மறுபக்கம் அண்டை வீட்டு விட்ட முனைகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? போதாக்குறைக்கு மேலே இன்னொரு தளம் வேறு ஏற்றப் போகிறீர்கள். விட்டங்களுக்கு விறைப்பு போதாது என்றால் பலகைக்கு மேல் 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டித் திருகி, தளத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணையுங்கள். சுவர் வெளியே பிதுங்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

இனி வரிசையாகச் செய்ய வேண்டியது. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கூரைக் காடி, இறங்கு குழாய், வெளித்தரை எல்லாம். வெளித்தரை உள்தளத்தைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு சிமெண்டை எடுப்பது. ஒரு சதுர மீட்டரில் மட்டும் உளியும் சுத்தியலும் வைத்து எடுத்துப் பாருங்கள். செங்கல் முகம் பிய்ந்துகொண்டு வருகிறது என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு, தானாகவே விட்டுப்போன இடங்களில் மட்டும் எடுங்கள். மின்சாரச் சுத்தியலைக் கொண்டுவருகிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள். கட்டுகளை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த சாந்தால் அடையுங்கள். அந்தச் சுண்ணாம்பு என்எச்எல் என்ற பெயரில் பல தரங்களில் வரும்; செங்கல் மென்மையாக இருந்தால் என்எச்எல் 2, கொஞ்சம் கெட்டியானால் 3.5. ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் மெல்ல உலர விடுங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில், சீக்கிரம் பிடிக்கட்டும் என்று ஒரு கைப்பிடி சிமெண்ட் போடப் பார்ப்பார். அவர் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்தக் கைப்பிடியால் சாந்துக்குச் சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் குணமும் மிஞ்சாது.

அடுத்து விட்ட முனைகள். கீழ்ப்பக்கத்தைக் குத்தூசியால் குத்திப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். சுவரை ஒட்டி 45 பாகையில் சாய்த்து, உள்ளே இருக்கும் முனை வரை 6 மி.மீ. துளை போட்டு வெளியே வருவதைப் பாருங்கள். சுருள் சுருளாகத் துகள் வந்தால் மரம் நலம். பழுப்பு மாவாக வந்து கை தளர்ந்து உள்ளே போனால் இற்றுவிட்டது. ஈரமானி ஊசியை 10 மி.மீ. ஆழத்திலும் 40 மி.மீ. ஆழத்திலும் வைத்து இரண்டு அளவு எடுங்கள். மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் மரம் இன்னும் முழுதாக உலரவில்லை என்று பொருள். ஆனால் அந்த மானியைச் செங்கல்லில் குத்திவிட்டு அளவைச் சொல்லாதீர்கள். சுவரில் உப்பு இருந்தால் அது பொய்யாகவே ஏறிக் காட்டும். செங்கல் ஈரம் தெரிய வேண்டுமானால் துளைப்பொடியை எடுத்து எடை போட்டு, உலர்த்தி மீண்டும் எடை போடுவதே வழி.

இற்ற முனைக்காக முழு விட்டத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து, நல்ல மரம் தெரியும் வரை வெட்டி, இரண்டு பக்கமும் அதே ஆழமுள்ள புதிய மரத்தை அணைத்து 12 மி.மீ. போல்ட்டால் முறுக்குங்கள். சுவரோரத்தில் விட்டத்தின் வளைவுச் சுமை குறைவு, வெட்டுச் சுமைதான், அதாவது குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசைதான், அதிகம். அதனால் அங்கே ஒட்டு நிற்கும். 200 மி.மீ. ஆழ விட்டத்துக்கு நல்ல மரத்தோடு 600 மி.மீ. சேர்ந்து ஓடட்டும். போல்ட் எண்ணிக்கையைப் பொறியாளர் கணக்குப் போடட்டும். புது மரம் 20 சதவீத ஈரத்தில் வந்து 12க்கு உலர்ந்தால், ஒரு சதவீதத்துக்குக் கால் சதவீதம் வீதம், 200 மி.மீ. ஆழத்தில் 4 மி.மீ. சுருங்கும். போல்ட் தளரும், தளம் அந்த வரியில் தாழும். ஆகவே உலர்ந்த மரம்தான். முனையைக் குழியில் வைக்கும்போது அடியில் ஓதத்தடுப்புத் துண்டு, அதன் மேல் கடினமரத் துண்டு, மேலும் பக்கமும் பின்னும் 20 மி.மீ. காற்று. அந்த இடைவெளி அசிங்கமாக இருக்கிறது என்று சாந்து திணித்து அடைத்தால் மறுபடியும் அதே கதை. சுவரின் உள்பக்கம் வெப்பக்காப்புப் பலகை ஒட்டும் எண்ணமிருந்தால் அதையும் பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். சுவர் குளிர்ந்தால் இந்த முனைகளில்தான் நீர் கோக்கும்.

இத்தனையும் சொல்வது பழைய மரத்துக்காக மட்டுமா? உங்கள் சிஎல்டி பலகத்துக்கும் இதே நாலு அங்குலப் பிரச்சினைதான். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது என்பதால் அதன் நான்கு விளிம்பிலும் வெட்டுமுனை தெரியும். விட்டத்துக்கு முனை இரண்டு. பலகத்துக்கோ சுற்றளவு முழுக்க முனை. ஈரச் சுவரை ஒட்டி அதை நிறுத்தினால் அதுவும் குடிக்கும், அப்போதும் மரம் என்றாலே இப்படித்தான் என்பார்கள். பின்பக்கப் பகுதி தன் சொந்த அஸ்திவாரத்தில் தனியாக நிற்கட்டும். பழைய சுவருக்கும் அதற்கும் 25 மி.மீ. விடுங்கள், அமுங்கி விரியும் பட்டையால் மூடுங்கள். பழையது எப்போதோ அமர்ந்து முடிந்தது. புது அஸ்திவாரம் முதல் சில ஆண்டுகள் அமரும், தளப் பலகங்களும் கனத்தில் ஒன்றிரண்டு மி.மீ. சுருங்கும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் வெடிப்பு சரியாக அந்தக் கோட்டில் வரும், தண்ணீரும் அதன் வழியே இறங்கும்.

அந்த இடைவெளியை மேலே மூடும் ஈயத்தகட்டை இரண்டு துண்டாகப் போடுங்கள். கீழ்த்துண்டு புது மரத்தில் பொருந்தி 150 மி.மீ. மேலேறி நிற்கும். மேல்துண்டு பழைய சுவரின் கட்டில் 25 மி.மீ. காடிக்குள் ஆப்பு வைத்துச் செருகி அதன் மேல் படியும். இரண்டையும் சேர்த்து ஆணி அடிக்கக்கூடாது, ஒன்றன் மேல் ஒன்று நழுவ வேண்டும். காடியைச் செங்கல்லில் வெட்டாதீர்கள், சாந்தில் மட்டும். பலகத்தின் அடிவிளிம்பும் தரையிலிருந்து 150 மி.மீ. உயரப் பீடத்தில் உட்காரட்டும். வேலை நடக்கும்போது மழை பெய்தால் மூடி வையுங்கள். பலகத்தின் ஈரம் 16 சதவீதத்துக்குக் கீழே வராமல் உள்வேலைப் பலகை அடித்து மூடாதீர்கள்.

அஸ்திவாரத்துக்குத் தோண்டுமுன் பொதுச்சுவர் அடியில் இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி போடுங்கள். பழைய சுவரின் அடி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அதற்குக் கீழே போகக்கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டைத் தொடாமல். பலகத்தின் அளவை ஆர்டருக்கு முன் தெருவில் நின்று தீர்மானியுங்கள். 3 மீட்டருக்கு 1.2 மீட்டர், 100 மி.மீ. கனம் என்றால் ஒரு பலகமே 170 கிலோவைத் தாண்டும். ஆள் வைத்துத் தூக்கிவிடலாம், உங்கள் மாடிப்படியில் திருப்ப முடியாது.

தீ, சத்தம் இரண்டையும் வேகமாகத் தாண்டுகிறேன். மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. கரியும். ஒரு மணி நேரத்துக்கு 40 மி.மீ.க்குக் குறையாத கூடுதல் கனம் கணக்கில் வேண்டும், இணைப்பு இரும்புகள் மரத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன 25 மி.மீ. இடைவெளியைத் தீத்தடுப்புக் கம்பளியால் அடைக்க வேண்டும். சத்தம் என்றால், வெறும் பலகத்தில் காலடி அப்படியே கேட்கும். மேலே கனமான மிதவைத்தளம் (பலகத்தைத் தொடாமல் மெத்தென்ற அடுக்கின் மேல் நிற்கும் தளம்) போடுங்கள், முடிந்தது.

சுவர் உலர எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். மாதத்துக்கு 25 மி.மீ. என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம், கனமான சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல். ஆகவே பலகத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் உங்கள் இரண்டு கட்சியும் வேண்டிய மட்டும் வாதாடட்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பாருங்கள். பின்சுவரின் இடது மூலையில் இறங்கு குழாயின் இரண்டாவது இணைப்புக்குக் கீழே, ஆள் உயரத்துக்குப் பச்சையாகப் பாசி இறங்கியிருக்கிறது. அந்த இணைப்பை இந்த வாரமே மாற்றுங்கள்.