புதுப் பெயின்டுக்குப் பின்னால் ஓதம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய இரட்டை வீட்டின் ஒரு பாதியை ஏஜெண்ட் மூலம் வாங்கினோம். டைல்ஸ், சமையலறை அலமாரி, பெயின்ட் எல்லாம் புதுசு. ஜூன் 8-ஆம் தேதி சாவி கைக்கு வந்தது. அக்டோபரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்ததும் சாமி அறைச் சுவர் ஊறிவிட்டது. விளக்குக்குப் பின்னால் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருக்கிறது. விரல் பட்டால் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்பு. கூரையையும் சுவரையும் சரிசெய்ய 85,000 ரேண்ட் கேட்கிறார்கள். பின்பக்க அறைக்கு பிளான் அனுமதியே இல்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது. "ஃபூட்ஸ்டூட்ஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் ஏஜெண்ட். முன்பு இருந்தவர்கள் மழை வந்தால் அந்த அறையில் வாளி வைப்பார்களாம், பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். ஏமாந்தது ஏமாந்ததுதானா?

பதில்: ஏஜெண்ட் சொன்னது பாதி உண்மை. ஃபூட்ஸ்டூட்ஸ் என்றால் உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்வது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை பிறகு வெளிப்பட்டாலும் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார். ஆனால் தெரிந்தே மறைத்தவருக்கு அந்த வார்த்தை துணை நிற்காது. அவருக்குத் தெரியும், வேண்டுமென்றே மறைத்தார் என்று இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: விற்றவர் யார்? இருபது வருஷம் அங்கேயே குடியிருந்த குடும்பமா, பழைய வீடுகளை வாங்கி மினுக்கி விற்பதே பிழைப்பாக வைத்திருப்பவரா? பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடினால், அவர் எப்போது வாங்கினார், வேறு வீடுகளும் அவர் பேரில் கைமாறியிருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். போன வருஷம் வாங்கி இந்த வருஷம் விற்றவர் என்றால் உங்கள் பக்கம் பலம் கூடுகிறது.

ஏனென்றால் தொழிலாக விற்பவரை 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும். அதில் வீடும் 'பொருள்'தான். இன்ன குறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி உங்கள் சம்மதத்தை வாங்கியிருந்தால் வேறு கதை; பொத்தாம்பொதுவாக எழுதிய ஃபூட்ஸ்டூட்ஸ் வரி அவரைக் காப்பாற்றாது. ஆறு மாதத்துக்குள் கேட்டால் பழுது பார்த்துத் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ அவர் கடமைப்பட்டவர். உங்களுக்கு அந்த ஆறு மாதம் டிசம்பர் 8-இல் முடிகிறது. சாவி வருவதற்கு முன்பே பத்திரம் உங்கள் பேருக்கு மாறியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வது நல்லது. ஏப்ரலில் மழை ஓய்ந்ததும் பெயின்ட் அடித்துவிட்டால் செப்டம்பர் வரை டர்பன் சுவர் வாய் திறக்காது. இந்த வித்தை தெரியாமலா அவர் புதுப்பித்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம்தான். தீபாவளிச் செலவு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே வக்கீல் கடிதம் போகட்டும்.

அடுத்து, ஒப்பந்தக் கட்டை எடுத்து, குறைகளை வெளிப்படுத்தும் ஃபாரம் இருக்கிறதா பாருங்கள். 2022 பிப்ரவரி 1 முதல், விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்ட இந்த ஃபாரம் இல்லாமல் எந்த ஏஜெண்டும் வீட்டை விற்க எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரைக் குறை, சுவர் ஓதம், அனுமதியில்லாத கட்டுமானம் எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிக் கேட்கிறது. கூரைக்கு நேராக 'இல்லை' என்று எழுதியிருந்தால், மறைத்ததற்கு அவர் கையெழுத்தே சாட்சி. ஃபாரமே இணைக்கப்படவில்லை என்றால், எந்தக் குறையும் உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது ஏஜெண்ட் மேலும் அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

சுவரைச் சுரண்டி மறுபூச்சுப் பூசிவிடாதீர்கள். சாட்சியைத் தானே அழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டலாம், சேதம் பரவாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. தேதி தெரியும்படி படமெடுங்கள். பழுதுபார்க்கும் வேலையைப் பிடிக்க வராத, வீட்டுப் பரிசோதனை மட்டும் செய்பவரிடம் எழுத்தில் அறிக்கை கேளுங்கள்: ஊறல் எத்தனை காலத்தது, பழைய கறை மேல் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று. உப்பு பூத்த சுவர் ஒரே மழையில் அப்படி ஆவதில்லை.

விற்றவர் சாதாரணக் குடும்பம் என்றால் மோசடியைத்தான் நிரூபிக்க வேண்டும். குறை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷ அவகாசம் உண்டு. சிறு வழக்கு நீதிமன்றம் 20,000 ரேண்ட் வரைதான் எடுக்கும், உங்கள் தொகைக்கு மாவட்ட மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். பின்பக்க அறை விஷயத்தில் எச்சரிக்கை: அனுமதி இல்லாததும் ஃபூட்ஸ்டூட்ஸ் மூடக்கூடிய, பார்த்தால் தெரியாத குறைதான் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. அங்கேயும் தெரிந்து மறைத்தாரா என்பதே கேள்வி.

வாளி கதை சொன்ன அந்த அம்மாவிடம் போய், எந்த வருஷம், எந்த அறை என்று எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணமாக்கிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். விற்றவரும் அதே தெருவில் நடமாடுபவர் என்றால், அவர் அந்த அம்மாவைப் பார்ப்பதற்கு முன்.