ரசாயனமும் பாக்டீரியாவும் சேர்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி: புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தையும் பாக்டீரியா தொற்றையும் ஒரே விலங்குக்குக் கொடுத்து ஏன் சோதிக்கிறார்கள்? தனித்தனியாகப் பார்த்தால் போதாதா?

போதாது. நோய்க்குறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

இரைப்பைப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.என்.என்.ஜி என்ற ரசாயனத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தே எலிகளுக்கு அந்த நோயை வரவழைக்கலாம் என்று 1967-இல் ஜப்பானில் சுகிமுராவும் புஜிமுராவும் காட்டிவிட்டார்கள். 1994-இல் எச். பைலோரி (ஹெலிகோபாக்டர் பைலோரி) என்ற இரைப்பை பாக்டீரியாவும், உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான காரணிகளுக்கான முதல் பிரிவில் சேர்ந்தது. சரி, இரண்டும் ஒரே இரைப்பையில் இருந்தால்?

இதைச் சோதிக்க எலி அவ்வளவாக உதவாது, மங்கோலிய ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு கொறிவிலங்குதான் சரி. அதன் இரைப்பையில் எச். பைலோரி நன்றாகக் குடியேறும், மனிதருக்கு வருவது போன்ற அழற்சியும் புண்ணும் வரும். 1990-களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அவற்றுக்கு எம்.என்.யு என்ற, எம்.என்.என்.ஜி போன்ற இன்னொரு ரசாயனத்தைக் கொடுத்தார்கள். பொல்லாத சரக்கு அது. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ஒளி புகாத புட்டியில் அடிக்கடி புதிதாகக் கரைத்து வைக்க வேண்டும். ரசாயனம் மட்டும் பெற்றவற்றைவிட, கூடவே தொற்றும் உள்ளவற்றுக்குக் கட்டிகள் கணிசமாக அதிகம். ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தால் அந்த எண்ணிக்கை குறைந்தது. எவ்வளவு சீக்கிரம் ஒழிக்கிறோமோ அவ்வளவு பலன்.

காரணம் இதுதான். ரசாயனம் டிஎன்ஏவில் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்குகளை ஒட்டிவிடுகிறது. அவகாசம் இருந்தால் செல் அதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். தொற்றால் அழற்சி வந்தால் செல்கள் செத்து, அந்த இடத்தை நிரப்ப மற்றவை அவசரமாகப் பிரிகின்றன. பிழை திருத்தும் முன்பே அச்சுக்குப் போன பக்கம் மாதிரி, தவறு நிரந்தரமாகிவிடுகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தொற்று மட்டும் உள்ள ஜெர்பில்களில் சுரப்பிகள் இரைப்பைச் சுவருக்குள் ஆழமாக இறங்கி, நுண்ணோக்கியில் அசல் புற்றுநோய் போலவே தெரியும். கிருமியை ஒழித்ததும் அவற்றில் பெரும்பாலானவை சுருங்கிவிடுகின்றன! புற்றுநோய் அப்படிச் சுருங்காது. அதனால் 'பாக்டீரியா மட்டுமே போதும்' என்ற முடிவுகளை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

அப்புறம், இதன் மறுபக்கமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரெடெரிக்கில் நடந்த ஒரு ரசாயனச் சோதனையில், ரசாயனமே கொடுக்காத ஒப்பீட்டுச் சுண்டெலிகளுக்கும் கல்லீரல் கட்டிகள் வந்தன. தேடியதில் சிக்கியது ஹெலிகோபாக்டர் ஹெபாடிகஸ் என்ற புதிய பாக்டீரியா. அந்தக் கிருமி புகுந்திருந்த பழைய சோதனைகளின் கல்லீரல் முடிவுகளையெல்லாம் மறுபடி அலச வேண்டியதாயிற்று. இப்போது ஆய்வகச் சுண்டெலிகளை வழக்கமாகச் சோதிக்கும் கிருமிப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.