மணலை எவ்வளவு விறைப்பாக வைப்பது?

மணல், தானியம், தூள் ஆகியவற்றை மணி மணியாகக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது பற்றி, திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த நாலு கேள்விகள்.

*நிலாவெளி மணலைக் கொட்டிக் குவிக்கும் சிமுலேஷன் செய்கிறேன். யங்கின் மட்டு (மணியின் விறைப்பைச் சொல்லும் எண்) 70 கிகாபஸ்கால் கொடுத்தேன். இரண்டு நாளாகியும் ஒரு செக்கன் ஓடி முடியவில்லை. (உப்புவெளி)*

முடியாதுதான். துணிக்கை விறைப்பாக இருந்தால் மோதல் கண்ணிமைக்குமுன் முடிந்துவிடும், அதைப் பிடிக்க நேரப்படியும் (கணினி ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேரத் துண்டு) அவ்வளவு சிறிதாக வேண்டும். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணிக்கு ரேலி அலை (மணியின் மேற்பரப்பில் ஓடும் அலை) தரும் எல்லை ஏறக்குறைய அரை மைக்ரோசெக்கன். அதில் 20 வீதம் எடுத்தால் ஒரு செக்கனுக்கு ஒரு கோடி படிகள்! மட்டை 70 மெகாபஸ்காலுக்கு இறக்குங்கள். மட்டு எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நேரப்படி கூடும், அதாவது சுமார் 32 மடங்கு. குவியலின் சாய்வுக் கோணம் பெரிதாக மாறாது. அதைத் தீர்மானிப்பது உராய்வும் மணியின் வடிவமும்.

*அப்படியென்றால் எவ்வளவும் குறைக்கலாமா? நான் பார்ப்பது 10 மீற்றர் உயரக் கோதுமைக் கொள்கலன். (சீனன்குடா)*

இல்லை, பாரத்தைப் பார்க்க வேண்டும். ஹேர்ட்ஸ் தொடுகையில் (உருண்டைகள் ஒன்றையொன்று அழுத்துவதற்கான சூத்திரம்) மணிகள் ஒன்றுக்குள் ஒன்று புகும் அளவு, ஆரையோடு ஒப்பிட்டால், அமுக்கத்தை மட்டால் வகுத்து மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தியதைப் போல வரும். அடியில் 50 கிலோபஸ்கால் என்று வைப்போம். 70 மெகாபஸ்காலில் சுமார் 1 வீதம், 7 மெகாபஸ்காலில் 4 வீதத்துக்குக் கிட்ட. நான் 1 வீதத்துக்கு மேல் விடுவதில்லை. கையளவு குவியலுக்குச் சரியான எண் கொள்கலனில் களியாகிவிடும். சுவர் உராய்வு பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும் என்று ஜெர்மன் பொறியியலாளர் யான்சன் 1895இலேயே காட்டிவிட்டார், அது கொஞ்சம் உதவும்.

*புல்மோட்டை மணலில் இல்மனைட், சிர்க்கோன், குவாட்ஸ் என்ற மூன்று கனிமங்களுக்கும் தனித்தனி விறைப்பு வேண்டுமா?*

வேண்டாம். அடர்த்தியைச் சரியாகக் கொடுங்கள்: கன சென்ரிமீற்றருக்குக் குவாட்ஸ் 2.65 கிராம், மற்ற இரண்டும் 4.7ஐ ஒட்டி. கனிமங்கள் தனித்தனியாகப் பிரிவதில் அடர்த்தியும் மணியின் பருமனும்தான் பெரிய ஆட்கள்.

*மா மாதிரி ஒட்டும் தூளுக்கும் இதே வழியா?*

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மட்டை மட்டும் குறைத்தால் தொடுகைப் பரப்பு பெருத்து, மணிகள் உள்ளதைவிட அதிகம் ஒட்டும். மேற்பரப்புச் சக்தியையும் (ஒட்டும் வலிமைக்கு நீங்கள் கொடுக்கும் எண்) கூடவே குறைக்க வேண்டும். வெப்பக் கடத்தலிலும் இதே தொல்லை. ஒலி அலை, அமுக்கச் சோதனை என்றால் மட்டில் கை வைக்கவே வேண்டாம்.

சந்தேகமா? மட்டைப் பத்து மடங்காக்கி ஒரு சின்ன மாதிரியை மறுபடி ஓடவிடுங்கள். விடை நகர்ந்தால் முதல் எண் மெத்தென்று இருந்திருக்கிறது.