காரை விற்று ஆறு மாதமாகியும் ஆர்.சி. (பதிவுச் சான்று) என் பெயரிலேயே இருக்கிறது. போக்குவரத்து அபராதச் சலானும் எனக்கே வருகிறது. என்ன செய்வது?

சலான் இருக்கட்டும், அது பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயம். முதலில் அந்தக் காருக்கு இன்று இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி எந்தத் தேதி வரை என்று காட்டும். அந்தத் தேதிதான் உங்கள் கெடு.

காரணம் இதுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் வாங்கினீர்களா, சாவியைக் கொடுத்தீர்களா, இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா என்பதெல்லாம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. 2007இல் விற்ற கார், ஆர்.சி. மாறாமலே பல கை மாறி 2009இல் விபத்தில் சிக்கியது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. கடைசியாக வைத்திருந்தவர்தான் இழப்பீடு தர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதிவேட்டில் பெயர் இருந்த முதல் ஆளையே பொறுப்பாக்கியது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதுதான் அதன் அடிப்படை.

ஆகவே பாலிசி உயிரோடு இருந்தால் எக்காரணம் கொண்டும் அதை ரத்து செய்யாதீர்கள். விற்றவர்களில் பலர் வழுக்குகிற இடம் இது. புதுக் காருக்கு நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகத் தரும் பிரீமியத் தள்ளுபடி) வேண்டும், மீதி பிரீமியம் திரும்ப வேண்டும் என்று பழைய பாலிசியை நிறுத்தப் பார்க்கிறார்கள். போனஸுக்காக பாலிசியைக் கொல்லவே தேவையில்லை. அது காருடையது அல்ல, உங்களுடையது. விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றிதழ் கேட்டால் தருவார்கள், மூன்று ஆண்டுகளுக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். பழைய பாலிசியில் அனுபவித்த தள்ளுபடியில் மீதி நாட்களுக்கான பங்கை, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறவர் கட்ட வேண்டும்.

பாலிசி முடிந்துபோயிருக்கிறது, வாங்கியவர் போனை எடுக்கவில்லை என்றால்? என் கருத்து, மூன்றாம் தரப்புப் பாலிசி (அந்தக் காரால் பாதிக்கப்படும் மற்றவருக்கு இழப்பீடு தருவது) மட்டும் நீங்களே போட்டுவிடுங்கள். 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. விற்ற காருக்குப் பணம் கட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒரு உயிரிழப்புக்கான இழப்பீடு லட்சக்கணக்கில் போகும், அதை வீட்டை விற்றுக் கட்ட முடியாது.

அடுத்தது படிவம் 29. விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தரும் தகவல் இது. படிவம் 30 வாங்கியவருடைய விண்ணப்பம். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் நீங்கள் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் உங்களுக்கு 45 நாள், அதோடு படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். புதுச்சேரிக்குப் போன காரும் இந்தக் கணக்கில்தான் வரும். பக்கத்து ஊர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு படிவத்தையும் புரோக்கரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தக் காகிதத்தில் வாங்குபவர் பெயர் காலியாக இருந்தால் அது ஒரு வெற்றுக் காசோலை மாதிரி. புரோக்கர் இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு விற்பார், உங்கள் கையெழுத்து மட்டும் எல்லோருடனும் பயணம் செய்யும். ஏற்கெனவே அப்படிக் கொடுத்திருந்தாலும் பாதகமில்லை, 29ஐ இப்போது புதிதாக நீங்களே நிரப்புங்கள். வாங்கியவர் பெயர், முகவரி, விற்ற தேதி, எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் எழுதி, டெலிவரி நோட் (காரை ஒப்படைத்ததற்கு இருவரும் கையெழுத்திட்ட சீட்டு) நகலும் அவருடைய அடையாளச் சான்று நகலும் சேர்த்து, வாங்கியவர் வசிக்கும் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுங்கள். உங்கள் பகுதி அலுவலகத்துக்கு ஒரு நகல், வாங்கியவருக்கு ஒரு நகல். கவுன்டரில் "30 இல்லாமல் வாங்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இதனால் பெயர் மாறிவிடாது, அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு எந்த அலுவலகத்தில் நின்றாலும் உங்கள் பக்கக் கடமையைச் செய்ததற்கு ஆதாரம் கையில் இருக்கும். கூடவே, பெயர் மாற்றம் நடக்கும்வரை இந்த வண்டிக்கு வேறு சேவை எதுவும் தர வேண்டாம் என்று ஆர்.டி.ஓ. பதிவேடு இருக்கும் வாகன் கணினியில் தடை போடக் கேட்டு ஒரு மனுவும் வையுங்கள். செய்வதும் செய்யாததும் அதிகாரியின் முடிவு.

வாங்கியவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மிரட்டலைவிட இரண்டு உண்மைகள் நன்றாக வேலை செய்யும். ஒன்று, உங்கள் பெயரில் பாலிசி இருக்கும்வரை அவருடைய காருக்குச் சேதம் வந்தால் அவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. கார் கைமாறும்போது மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு மட்டும் 157ஆவது பிரிவின்படி தானாகக் கூடவே போகும். சொந்தச் சேதத்துக்கான பகுதி போகாது. அதற்கு 14 நாளில் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் இதைச் சொன்னால் சென்னைக்காரர் யாரும் உடனே கிளம்பிவிடுவார். இரண்டாவது உண்மை, ஃபாஸ்டேக் பற்றியது. அது உங்கள் கணக்கில் இருந்தால் மூடிவிடுங்கள். மூடுவதற்கு முன் சுங்கச்சாவடிக் குறுஞ்செய்திகளை எல்லாம் படம் எடுத்து வையுங்கள், கார் எங்கே ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டேக் இல்லாவிட்டால் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். சில சுங்கச்சாவடிகள் தாண்டியதும் அவரே உங்களைக் கூப்பிடுவார்.

அவர் வந்துவிட்டால் வேலை சுலபம். பரிவாகன் தளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் போடும்போது ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான கைபேசிக்கு, அதாவது உங்களுக்குத்தான் வரும். அந்த எண் பழையதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், பாதி விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். அடுத்த சிக்கல் கடன். வங்கிக் கடனை அடைத்தும் ஆர்.சி.யில் எச்.பி. பதிவு (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) நீங்காமல் இருக்கும். படிவம் 35 இரண்டு பிரதியும் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று) வேண்டும். வங்கி என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் 90 நாள்தான் ஆயுள், பீரோவில் வைத்து மறந்திருந்தால் புதிதாக வாங்குங்கள். சேசிஸ் பிரிண்ட் (சேசிஸ் எண்ணைக் காகிதத்தில் தேய்த்து எடுத்த பதிவு), நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவருடைய முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் கையெழுத்தையே போடுங்கள். நிலுவைச் சலான் இருந்தால் விண்ணப்பம் நகராமல் நிற்கலாம். சின்னத் தொகை என்றால் கட்டிவிட்டு அவரிடம் வாங்கிக்கொள்வது வேகமான வழி.

சின்னது என்று சொன்னதைக் கவனியுங்கள். சீட் பெல்ட், சிக்னல், நோ பார்க்கிங் மாதிரியானவற்றுக்கு அது சரி. குடித்துவிட்டு ஓட்டியது, உரிமம் இல்லாதவர் ஓட்டியது, சிறுவர் ஓட்டியது என்று வந்தால் பேசாமல் கட்டக் கூடாது. 199ஏ பிரிவில், சிறுவர் ஓட்டிய குற்றத்துக்குப் பாதுகாவலரையோ உரிமையாளரையோதான் குற்றவாளியாகக் கருதுவார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இப்படிப்பட்ட நோட்டீஸ் வந்தால் 133ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் தகவல் தர வேண்டும் என்கிறது அது. வாங்கியவர் பெயர், முகவரி, விற்ற தேதி, டெலிவரி நோட் நகல் வைத்து எழுத்தில் பதில் கொடுங்கள்.

டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது. மணி, நிமிடம், ஓடோமீட்டர் அளவு, இரு தரப்புக் கையெழுத்து, சாட்சி, "இந்த நேரத்துக்குப் பின் வரும் அபராதமும் வழக்கும் வாங்கியவர் பொறுப்பு" என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். விபத்தில் பாதிக்கப்பட்டவரிடம் இந்தக் காகிதம் எடுபடாது. நீங்கள் கட்டிய தொகையை வாங்கியவரிடம் கேட்கப் போகும்போதுதான் எடுபடும். உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம் போட்ட பக்கம் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள்.

ஆளே கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்குங்கள். கார் திருடுபோய்விட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். சிலர் அப்படி யோசனை சொல்வார்கள், பொய்ப் புகார் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். விற்றேன், இன்ன தேதி, இன்னாரிடம், பெயர் மாற்றவில்லை என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

விற்றது பழைய கார் வியாபாரியிடம் என்றால் உங்கள் நிலை கொஞ்சம் மேல். 2023 ஏப்ரல் 1 முதல், ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்துப் படிவம் 29சியில் இணையம் வழியாகத் தெரிவித்துவிட்டால், அதன்பின் வியாபாரியையே உரிமையாளராகக் கருத வேண்டும் என்பது விதி. அந்தப் படிவம் பதிவானதா என்று ஒப்புகையைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத புரோக்கருக்கு இது பொருந்தாது.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் "நான்தான் விற்றுவிட்டேனே" என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். போகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகும். அன்றைய பாலிசி நகலோடு வழக்கறிஞரைப் பார்த்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க மனுப் போடச் சொல்லுங்கள்.