பாட்டிலில் இல்லாத எள்

அன்புள்ள அக்கா,

மன்னார்குடியில் ஒரு மளிகைக்கடையில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று ஒட்டியிருந்த லிட்டர் பாட்டில் வாங்கினேன். தோசைக்கு ஊற்றினால் எள் வாசமே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், காலையில் பாதி உறைந்திருந்தது. கடைப் பெயரைச் சொல்லி வீடியோ போட்டேன், நிறையப் பேர் பார்த்தார்கள். வழக்கு, புகார் என்று போனால் ஏதாவது நடக்குமா? பேசாமல் ரீஃபைண்டுக்கே மாறிவிடலாமா? உடம்புக்கு எது நல்லது?

சு., மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

உடம்புக்கு எது நல்லது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நம் பக்கம் எள் அறுப்பு நடக்கிற நேரத்தில் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானது, செய்த காரியம் தப்பு. ஃப்ரிட்ஜில் உறைந்தது சந்தேகப்படப் போதும். உள்ளே இருப்பது பாமாயிலா வேறு எண்ணெயா, எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கே இது லேசான வேலை இல்லை. எள்ளெண்ணெய் இருந்தால் சிவப்பு நிறம் காட்டும் பூடோயின் சோதனை இருக்கிறது. ஆனால் கலப்படக்காரன் வாசனைக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாலும் நிறம் வந்துவிடும். அயோடின் எண், ஒளிவிலகல் அளவு என்று எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிற அளவுகளையெல்லாம் பார்த்துத்தான் கலப்பை உறுதி செய்வார்கள். உங்கள் வீடியோவில் இதெல்லாம் எங்கே?

என் அப்பா நீடாமங்கலம் பக்கம் சம்பா அறுத்த வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி மாசியில் எள் தெளிப்பார். நெல்லைப் போல எள் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. கோடைமழைத் தண்ணீர் ஒரு நாள் வயலில் நின்றால் வேர் அழுகிப் போகும். தப்பித்தால் செடியை அறுத்துப் போர் போட்டு, இலை உதிர்ந்ததும் வெயிலில் காயவைத்து, படுதாவில் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவோம். சடசடவென்று கொட்டும். அதை மூட்டை கட்டிக் கொண்டுபோனால் வியாபாரி ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, "எள்ளை இப்ப யாரு கேக்குறா?" என்பார். அதே கடைத்தெருவில் வரிசை வரிசையாக நல்லெண்ணெய் பாட்டில் அடுக்கியிருக்கும். அப்பா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். எள் விலையை விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்துக்கொள்ளுங்கள், ஆட்டும்போது சேர்க்கிற கருப்பட்டி, ஆட்டக்கூலி, பாட்டில் விலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த விலை அதற்குக் கீழே இருந்தால், வாங்கும்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மலிவு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டு வாசம் இல்லை என்கிறீர்கள். பாமாயில் விஷம் இல்லை, ரேஷனில் வாங்கி எல்லோரும்தான் சமைக்கிறோம். எண்ணெய்களைக் கலந்து விற்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது: ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையாமல், கலப்பு எண்ணெய் என்று எழுதி விற்க வேண்டும். எழுதாமல் எள்ளின் பெயரைப் போட்டு விற்பது உங்களிடம் மட்டும் அடிக்கிற கொள்ளை இல்லை. வயலில் எள் தட்டுகிறவரின் கூலியும் அதில்தான் போகிறது.

சரி, வழக்கு. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 40ஆவது பிரிவைப் படியுங்கள். கட்டணம் கட்டி உணவுப் பொருளை ஆய்வுக்குக் கொடுக்கும் உரிமை, வாங்குகிற எவருக்கும் உண்டு. பொருள் சட்டப்படி இல்லை என்று ஆய்வறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் திறந்து தோசைக்கு ஊற்றிய பாட்டில் இதற்கு உதவாது. கடைக்குப் போங்கள். "அண்ணே, இதை டெஸ்டுக்குக் குடுக்கப் போறேன், பில் போடுங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஊருக்கே வீடியோ போடத் தைரியம் இருக்கிற உங்களுக்கு இதற்குத் தைரியம் வராதா? கூச்சமாக இருந்தால் கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பில்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

அதோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் முறைப்படி மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரக்குறைவு என்று வந்தால் 5 லட்சம் வரை, தவறான லேபிள் என்றால் 3 லட்சம் வரை அபராதம். பாதுகாப்பற்றது என்றால்தான் சிறை வரை போகும். எள்ளின் பெயரைத் திருடியதற்கு இந்த அபராதம் போதாது என்பது என் எண்ணம். பெரிய அளவில் பாட்டில் அடைப்பவனுக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் வீடியோவில் மாட்டிக்கொண்டவர் மளிகைக்காரர். அவரே கலந்தாரா, அடைத்து வந்ததை அப்படியே விற்றாரா என்று உங்களுக்குத் தெரியாது. அடைத்தவர் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண் எல்லாம் லேபிளில் அச்சாகியிருக்கும். புகாரில் அவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். மளிகைக்காரர் எங்கே கொள்முதல் செய்தார் என்ற பில்லையும் அலுவலர் கேட்டு வாங்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா