ஒரே தட்டு எதற்கு?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ராமு என்று ஐந்து வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. போன மாதம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியை மகன் தூக்கி வந்துவிட்டான். இரண்டு மாதம் இருக்கும். இரண்டும் பழகட்டும் என்று ஒரே தட்டில்தான் சோறு வைக்கிறேன். ராமு ஒரு நாள் உறுமிவிட்டு எழுந்து போகிறான், மறுநாள் குட்டியின் பங்கையும் சேர்த்து முடித்துவிடுகிறான். குசினி மூலையில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பேசினில் மரத்தூள் போட்டு வைத்தோம். குட்டி அதில் போகிறது. மழைக்குப் பயந்து வெளியே போகாத ராமு அரிசிச் சாக்கில் பெய்கிறான். இரண்டில் ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். இரண்டையும் ஒற்றுமையாகச் சாப்பிடவும் ஒரே இடத்தில் போகவும் பழக்குவது எப்படி?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, ஒற்றுமையாகச் சாப்பிடப் பழக்க வேண்டாம். அதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே தட்டில் கை வைத்தால் பாசம் வரும் என்பது மனிதருக்குச் சரி. எலி என்பது ஒரு பூனைக்கு ஒரு வேளை. அதை இன்னொரு பூனையோடு பங்கு போடும் வழக்கம் அந்த இனத்திலேயே இல்லை. தாய் குட்டிக்குக் கொண்டுவந்து கொடுப்பது வேறு கதை. ராமு உறுமிவிட்டு விலகிப் போகிறான் என்றால் என் கணக்கில் அவன் பொறுமைசாலி.

இருவருக்கும் தேவையும் ஒன்றல்ல. வளரும் குட்டிக்குச் சின்னச் சின்னதாக நாளுக்கு நான்கு வேளை, புரதம் கூடிய சாப்பாடு வேண்டும். ராமுவுக்கு இரண்டு வேளை போதும். குட்டிக்கான சாப்பாட்டை அவன் தினமும் வழித்துத் தின்றால் உருண்டுவிடுவான். ஆகவே ராமுவின் தட்டை மேசைக்கு ஏற்றுங்கள், குட்டி இப்போதைக்கு அங்கே ஏறாது. குட்டிக்கு ஒரு கனமான அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, குட்டியின் தலை மட்டும் நுழையும் அளவில் பக்கவாட்டில் ஓட்டை வெட்டி, உள்ளே தட்டை வையுங்கள். பெட்டி மேல் ஒரு கல்லையும் வைத்துவிடுங்கள். கடுவனின் கன்னம் அகலம், ஓட்டையில் மூக்கை வைத்து மோந்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஓரிரு மாதத்தில் குட்டி வளர்ந்ததும் பெட்டி உதவாது. அதற்குள் வேளைக்கு வைப்பதும் அரை மணியில் எடுத்துவிடுவதும் பழகியிருக்கும்.

சோற்றோடு மீனை அவித்து முள் எடுத்துக் கொடுக்கலாம், மீன்தான் கூட இருக்க வேண்டும். கறிச்சட்டியில் மிஞ்சியது வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) பூனைக்கு நஞ்சு. பால் பல பூனைகளுக்கு வயிற்றால் போகவைக்கும். குட்டிக்குத் தண்ணீர் போதும்.

சரி, அரிசிச் சாக்குக்கு வருவோம். ராமு இவ்வளவு நாளும் எங்கே போனான்? வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியில்தானே? ஈர மண்ணைக் கிளறி, போய், மூடிவிட்டு வந்தவன் அவன். மழை பிடித்துக்கொண்டதும் அந்த இடம் போய்விட்டது. உள்ளே இருப்பது ஒரே ஒரு பேசின், அதில் புதிதாக வந்தவனின் நாற்றம், போதாததற்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு. சாப்பிடும் இடத்தில் எந்தப் பூனையும் போக விரும்பாது. சாக்கோ மெத்தென்று, காய்ந்து, ஒதுக்குப்புறமாக இருக்கிறது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டித் தொட்டி வைப்பது வழக்கம். இரண்டு பூனைக்கு மூன்று. இரண்டு காம்பரா வீட்டில் மூன்றுக்கு எங்கே போவது என்பீர்கள். இரண்டாவது வையுங்கள், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பூனைக்கு அது ஒரே தொட்டிதான். ஒன்று குசினியில் தட்டுக்குத் தூரமாக, மற்றது மழைச்சாரல் படாத இஸ்தோப்பு (முன் திண்ணை) மூலையில். ராமுவுடையது அவன் உள்ளே திரும்பி நிற்குமளவு பெரிதாக இருக்கட்டும். அதில் முதல் வாரம் பாத்தி மண்ணையே நிரப்புங்கள். பிறகு நாளுக்கு ஒரு கை மரத்தூளாகக் கலந்து மாற்றலாம். நைஸ் தூளை விடத் தச்சுப்பட்டறைச் சீவல் நல்லது, தும்மல் வராது. குட்டியின் பேசினில் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிடுங்கள்.

அடுப்புச் சாம்பலை மட்டும் போடாதீர்கள். நனைந்த சாம்பல் சுண்ணாம்புபோல் காரம், பாதத்தை அரிக்கும், நக்கினால் வாயையும். என் வீட்டில் ஒரு குட்டி தானாகவே அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தபோது எழுந்த நாற்றத்தில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. இரவில் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிவிடுங்கள்.

தொட்டியைத் தினமும் அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம். அள்ளியதை மரக்கறிப் பாத்தியில் கொட்டவும் வேண்டாம். கழுவுவதற்குச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போதும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு ஆகாது.

ராமு குந்திப் பெய்கிறானா, நின்றபடி வாலைச் சிலிர்த்துக்கொண்டு சுவரில் பீய்ச்சுகிறானா என்று கவனியுங்கள். பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் செய்துவிடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று: குந்திக் குந்தி முக்கியும் சொட்டு வராவிட்டால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உடனே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம் பழக்கம். நேராக முகத்துக்கு முகம் விட்டதுதான் அவசரம். திரும்ப முதலிலிருந்து ஆரம்பியுங்கள். குட்டியை ஒரு வாரம் உள் காம்பராவில், அதன் பேசினோடு, கதவை மூடி வையுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சுருண்டு தூங்கும். குட்டியைத் துடைத்த துணியை ராமு படுக்கும் இடத்திலும், அவனுடையதைக் குட்டியிடமும் போடுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், ஒரே நேரத்தில் சாப்பாடு. முதல் நாள் தட்டுகள் கதவிலிருந்து நான்கடி தள்ளி, பிறகு நாளுக்குக் கொஞ்சம் கிட்ட. இருவரும் உறுமாமல் தின்றால் கதவைக் கையகலம் திறக்கலாம். சீறல் பரவாயில்லை. காதைப் பின்னால் மடித்துத் துரத்தினால் இரண்டு நாள் பின்னால் போங்கள். அடித்துவிடாதீர்கள், அடியையும் அவன் குட்டியின் கணக்கில்தான் எழுதுவான்.

அந்த ஒரு வாரத்தில் குட்டிக்குப் பூச்சிமருந்து கொடுத்துவிடுங்கள். மூன்று மாதமானதும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி, ராமுவுக்கும் சேர்த்து. மழையில் கிடந்த குட்டி என்ன நோயோடு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இப்படிச் செய்து ஒன்றரை இரண்டு மாதமாவது பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அந்தச் சாக்கை மட்டும் இன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள். எத்தனை முறை துவைத்தாலும் நம் மூக்குக்குத்தான் மறையும், ராமுவுக்கு மறையாது. அரிசியை மூடியுள்ள வாளிக்கு மாற்றி, அந்த மூலையில் அவனுடைய தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிடுங்கள்.