எஸ்டிமேட்டில் பதினொரு வரி: எதற்குப் பணம் கட்டுவது?

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியை. எங்கள் பெட்ரோல் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, 29,400 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பள்ளிக்கும், மாதம் மூன்று முறையாவது கொடைக்கானலில் இருக்கும் அம்மா வீட்டுக்கும் போய் வருகிறோம். சர்வீசுக்கு விட்டபோது டீலர் கொடுத்த எஸ்டிமேட் ரூ.17,200. ஆயில் சர்வீஸ் 5,200, பிரேக் ஆயில் 950, ஏர் ஃபில்டர் 480, ஏ.சி. ஃபில்டர் 620, எஞ்சின் ஃபிளஷ் 850, த்ராட்டில் பாடி கிளீனிங் 1,100, இன்ஜெக்டர் கிளீனிங் 1,450, ஏ.சி. கிளீனிங் 1,300, சைலன்சர் கோட்டிங் 900, அடிப்பாகக் கோட்டிங் 3,200, அலைன்மென்ட் 1,150. எல்லாம் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். என் தம்பி வெளி மெக்கானிக்கிடம் விடச் சொல்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் காரின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து உரிமையாளர் கையேட்டை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். மேலே கி.மீ., மாதம், கட்டங்களில் பெரும்பாலும் ‘ஐ’ அல்லது ‘ஆர்’ என்று ஆங்கில எழுத்து. ‘ஆர்’ என்றால் மாற்று. ‘ஐ’ என்றால் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் மாற்று. வாரண்டி கேட்பது இந்த அட்டவணைப்படி சர்வீஸ் நடந்ததா என்பதைத்தான். கோட்டிங் அடிக்கவில்லை என்று வாரண்டி போகாது.

நான் ஒன்பது வருடம் ஒரு டீலரிடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன். ஃபிளஷ், கோட்டிங், கிளீனிங் எல்லாவற்றுக்கும் எங்கள் பேச்சில் ‘வி.ஏ.எஸ்’ (வேல்யூ ஆடட் சர்வீஸ், அதாவது கூடுதல் சேவை) என்று பெயர். மாதம் இத்தனை ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் டார்கெட் உண்டு. கவுண்டருக்குக் கீழே ஒரு பழைய ஏர் ஃபில்டர் கிடக்கும். மடிப்பு மடிப்பாகக் கரி, நடுவில் செத்த பூச்சி, விளிம்பில் காய்ந்த வேப்பிலை. வருகிறவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டுவோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் பதறி, நான் சொன்ன எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். அவர் வண்டியை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன்: ஃபில்டரை உங்கள் வண்டியிலிருந்து, உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மடிப்புகளில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால், அட்டவணையும் ‘ஐ’ என்று சொன்னால், தூசியைத் தட்டி அதையே போடலாம்.

ஆயில் சர்வீசில் பேரம் பேசாதீர்கள். செய்துதான் ஆக வேண்டும். ஏ.சி. ஃபில்டரையும் மாற்றுங்கள், ஆனால் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் அதற்குப் பின்னால்தான் இருக்கும், நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

பிரேக் ஆயிலை வி.ஏ.எஸ் கணக்கில் சேர்த்து அடித்துவிடாதீர்கள். நீங்கள் மலைக்குப் போகிறவர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ‘டாட் 3’ ரகப் புதிய பிரேக் ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 போதும் என்பதே தர அளவு. வத்தலகுண்டு பக்கம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால் சக்கரத்தருகே சூடு ஏறும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. இந்த 950 ரூபாயைத் தயங்காமல் கொடுங்கள். (இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், பாதி வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும்.)

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். பதினொரு வரியில் சைலன்சருக்குப் பூச்சு இருக்கிறது. மாதம் மூன்று முறை மலை இறங்கும் வண்டியின் பிரேக் பேட் எத்தனை மி.மீ. மிச்சம் என்று ஒரு வரி இல்லை. நான்கு சக்கரத்திலும் அளந்து ஜாப் கார்டில் (டீலரின் வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லுங்கள். புதிய பேட் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் அதைத் திறந்து உள்ளே உரசும் லைனிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் வண்டி கேட்டால்தான். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்குகிறதா? அப்போது த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) கிளீனிங். ஏ.சி. போட்டதும் நாற்றம் வருகிறதா? அப்போது ஏ.சி. கிளீனிங். நேர் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு ஃபிளஷ் வேண்டாம். பிக்கப்பும் மைலேஜும் குறையாதவரை பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். சைலன்சர் பெரும்பாலும் உள்ளே தேங்கும் தண்ணீரால்தான் துருப்பிடிக்கும். வெளியே பூசி என்ன பயன்? அடிப்பாகக் கோட்டிங்கை நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு யோசிக்கலாம். திண்டுக்கல் வெயிலுக்கு 3,200 ரூபாய் வீண்.

ஆக ஏர் ஃபில்டரையும் சேர்த்தாலே ரூ.7,250தான்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது என்று 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் உத்தரவிட்டது. ஆனால் அது மேல்முறையீடு, நீதிமன்றம் என்று இழுத்தது. வாரண்டி முடியும்வரை டீலரிடமே விட்டு, பில்லை பத்திரமாக வையுங்கள். அப்புறம் தம்பியின் மெக்கானிக்.

அட்வைசரிடம் சண்டை வேண்டாம், அந்தப் பையனும் சம்பளத்துக்கு இருப்பவன்தான். “இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது தம்பி?” என்று மட்டும் கேளுங்கள். வேண்டாத வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘போனில் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2013 டீசல் கார், 1,10,000 கி.மீ. டைமிங் பெல்ட்டை வாட்டர் பம்ப்போடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இதுவும் பணம் பிடுங்கும் வேலையா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. உங்கள் டீலர் சரியாகத்தான் சொல்கிறார். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் முறை தப்பாமல் ஓட வைக்கும் பட்டை. தேய்ந்தாலும் அது பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடும். அறுந்தால் வால்வு மேல் பிஸ்டன் மோதி எஞ்சினைப் பிரிக்கும் செலவு வரும். பம்ப்பை இப்போது விட்டுவைத்தால், அது நாளைக்குக் கசியும்போது இதே பெல்ட்டைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். கூலி இரண்டு மடங்கு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட் இதற்கு முன் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், அதுவரை வெளியூர்ப் பயணம் வேண்டாம்.